கருங்கல் சீமையில் மூன்று நாள்

ஆஸ்திரேலியக் கொண்டைக்கடலை மூட்டையைப் பிரித்துக் கையால் அளைந்து பார்க்காத பருப்பு வியாபாரி நம்மிடையே இருக்க முடியாது. 2018-இல் அதன் இறக்குமதி வரி 60 சதவீதத்துக்கு ஏறியபோதும், 2024 மே மாதம் அந்த வரி நீக்கப்பட்டபோதும் நம் கடைவீதியில் விலை எப்படி ஆடியது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கடலை விளையும் பூமிகளில் ஒன்று, குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் டார்லிங் டவுன்ஸ் என்ற கரிசல் சமவெளி. பிரிஸ்பேன் நகரிலிருந்து மேற்கே மலைக் கணவாயைத் தாண்டினால், வார்விக் என்ற ஊரைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் அந்த மண்தான். நம் கோவில்பட்டிக் கரிசலை இஸ்திரி போட்டு விரித்தாற்போல் இருக்கும்.

வார்விக்கிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் காட்சி அடியோடு மாறிவிடுகிறது. கரிசல் போய்விடுகிறது, சாம்பல் நிறப் பொடிமணல் வருகிறது. சாலையோரத்தில் யானை படுத்தாற்போல் பாறைகள் தெரிகின்றன. நெல், கோதுமை, கடலை எதற்கும் லாயக்கில்லாத பூமி. இதற்கு அவர்கள் ‘கிரானைட் பெல்ட்’, அதாவது கருங்கல் பட்டை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரிஸ்பேனில் வேலை பார்க்கும் என் மூத்த மகன் வீட்டுக்குப் புரட்டாசி மாதம் போயிருந்தபோது, மூன்று நாள் இந்தப் பகுதியின் தேசியப் பூங்காக்களைச் சுற்றிப் பார்த்தேன். பாறையைப் பார்க்க ஆறாயிரம் மைல் போக வேண்டுமா, ஆனைமலையும் அழகர்மலையும் போதாதா என்று கீழமாசி வீதியில் நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விளைச்சலுக்கு ஆகாத கல்லை வைத்துக்கொண்டு ஒரு வட்டாரமே எப்படிப் பிழைக்கிறது என்பதை நம்மைப் போன்ற வியாபாரிகள் அறிந்துகொள்வது நல்லது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

வெங்காயச் சருகு போல

முதலில் அந்தக் கல் எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் உருகிய பாறைக்குழம்பு மேலே வரப் பார்த்து, வெளியே வர முடியாமல் உள்ளேயே மெல்ல மெல்ல ஆறி இறுகியது. மெல்ல ஆறியதால்தான் அதில் பெரிய பெரிய பரல்கள். சீனிப்பாகு மெதுவாக ஆறினால் பெருங்கற்கண்டு கட்டுவதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கோடிக்கணக்கான ஆண்டு மழையும் காற்றும் மேல் மண்ணைக் கரைத்துக்கொண்டு போக, கருங்கல் வெளியே தலை காட்டிற்று. மேலிருந்த பாரம் இறங்கியதும் கல் சற்று விரிந்து, வெங்காயத்துக்குச் சருகு விடுவதுபோல ஏடு ஏடாகப் பெயர்கிறது. குறுக்கும் நெடுக்குமாக விழுந்த வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி மூலைகளைத் தின்றுவிட, எஞ்சிய நடுக்கல் உருண்டையாகி ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிறது. யாரோ அடுக்கி வைத்த தேங்காய் அம்பாரம் போல இருக்கிறது. அடுக்கியவர் எவருமில்லை.

இதைச் சொல்லக் காரணம், அங்கே போகிறவர்கள் பார்ப்பதெல்லாம் இந்த உருண்டைகளையும் ஏடுகளையும்தான். கோபுரமில்லை, கோட்டையில்லை.

பூக்களின் இடம்

பூங்காக்களில் முதன்மையானது கிர்ரவீன். பிரிஸ்பேனிலிருந்து சுமார் 260 கிலோமீட்டர். அந்தப் பெயருக்குப் பூக்களின் இடம் என்று பொருள் சொல்கிறார்கள். நமக்குப் புரட்டாசி, அவர்களுக்கு வசந்தகாலம். பாறை இடுக்குகளில் எல்லாம் மஞ்சளும் வெள்ளையும் ஊதாவுமாகச் சிறு பூக்கள். பெயர் தெரிந்த பூ ஒன்றுகூட இல்லை. என் மனைவி ஒவ்வொன்றையும் நம் ஊர்ப் பூ ஒன்றின் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே வந்தாள். பறிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

இந்தப் பூங்கா பிறந்த கதை தெரிந்துகொள்ள வேண்டியது. பக்கத்து ஊரான ஸ்டான்தோர்ப்பில் ஸ்பென்சர் ராபர்ட்ஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக இந்தக் காட்டில் சுற்றியவர். வாம்பட் என்ற வளை தோண்டும் பிராணியும், லைர்பேர்ட் என்ற, கேட்ட சத்தத்தை எல்லாம் அப்படியே திருப்பிக் கூவும் பறவையும் இங்கே இருப்பதைக் கண்டு, இவை அழிந்துவிடாமல் இந்த இடத்தை ஒதுக்கி வையுங்கள் என்று 1930-இல் அரசாங்கத்தை நெருக்கினார். அந்தப் பத்தாண்டின் தொடக்கத்திலேயே இரண்டு சிறு பூங்காக்கள் ஏற்பட்டன. 1966-இல் இரண்டையும் சேர்த்துக் கிர்ரவீன் என்று பெயரிட்டார்கள். இன்று ஏறக்குறைய 29,000 ஏக்கர். டாக்டரின் நினைவாக ஓடையில் உள்ள ஒரு மடுவுக்கு ‘டாக்டர் ராபர்ட்ஸ் நீர்மடு’ என்று பெயர் இருக்கிறது. சிலை கிடையாது. அந்த மடுவில் கால் நனைத்தேன்; வசந்தத்திலும் எலும்பு சில்லிடுகிறது.

பிரமிட் என்று அழைக்கப்படும் மொட்டைக் குன்றுதான் எல்லாரும் ஏறுவது. காட்டுப்பாதை கொஞ்ச தூரம், பிறகு படியில்லை, கம்பியில்லை. வெறும் வழவழப்பான சரிவு. என் பேரன் ஆட்டுக்குட்டி மாதிரி ஓடிவிட்டான். நான் பாதிச் சரிவில் உட்கார்ந்துகொண்டேன். அறுபது கடந்த முழங்காலுக்கு மற்றவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உச்சியில் ‘சமன் கல்’ ஒன்று, மகாபலிபுரத்து வெண்ணெய் உருண்டைக் கல்லின் தம்பி, சிறு அடியில் ஊன்றிக்கொண்டு நிற்கிறதாம். மகன் போட்டோவில் காட்டினான். என்னால் முடிந்தவை ‘கருங்கல் வளைவு’ வரை போகும் ஒன்றரைக் கிலோமீட்டர்ச் சுற்றும், பாறைக் குவியலுக்கு அடியில் ஓடை புகுந்து மறைந்து ஓடும் இடமும்தான். அந்த இடத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. காலடியில் சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு மிகப் பிடித்தது அதுவே.

கடையில்லாத இடத்தால் வளரும் கடைகள்

இனி நம் தொழிலுக்கு வருகிறேன். இந்தப் பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. கூடாரம் போட்டுத் தங்கினால்தான் பணம். உள்ளே மளிகைக் கடையோ, டீக்கடையோ, பொரி கடலை விற்கும் தள்ளுவண்டியோ இல்லை. ஒரு தண்ணீர்ப் பாட்டில் மூடி தரையில் கிடந்து நான் பார்க்கவில்லை. நம் ஊரில் இவ்வளவு கூட்டம் கூடும் இடமாயிருந்தால் வரிசையாய் முப்பது கடை முளைத்திருக்கும், நம்மில் இரண்டு பேர் அதற்கு மொத்தச் சரக்கு அனுப்பிக்கொண்டிருப்போம். இங்கே என்ன செய்கிறார்கள் என்றால், வியாபாரம் முழுவதையும் எல்லைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

விளைவு என்ன? உள்ளே போகிற ஒவ்வொருவரும் வெளியிலேயே வாங்கியாக வேண்டும். நெடுஞ்சாலையை விட்டுப் பூங்காவுக்குத் திரும்புவதற்கு முன் ஒரு சின்னக் கடையில் நிறுத்தினோம். கடைக்கார அம்மாள் ஒருவர், ஐம்பது வயதிருக்கும். அரிசி பருப்பு மாதிரி மூலச்சரக்கு அதிகம் வைத்திருக்கவில்லை. ஐஸ் கட்டிப் பை, சின்ன கேஸ் சிலிண்டர், கொசு மருந்து, டார்ச் பேட்டரி, ரொட்டி, முட்டை. வாசலில் கட்டுக் கட்டாக விறகு! பூங்காவுக்குள் சுள்ளி பொறுக்கக் கூடாது என்று விதி. ஆனால் குளிருக்கு அடுப்பு மூட்ட வேண்டும். எனவே விறகு அங்கே முதல்தரச் சரக்கு. ஒரு விதியால் வியாபாரம் கெடும் என்று நாம் புலம்புவது வழக்கம். இந்த அம்மாள் ஒரு விதியை வைத்துக்கொண்டே கட்டு விறகு விற்கிறார்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் நிற்க நேரமிருக்காது. செவ்வாய்க்கிழமை ஈ ஓட்டுவோம்” என்று அவர் சொன்னதாக மகன் மொழிபெயர்த்தான். நம்மூர்ச் சந்தை நாள் கணக்குதான்.

பெரிய கடைகளின் போட்டி அங்கே நம்மைவிடப் பல மடங்கு. அந்த நாட்டில் மளிகை விற்பனையில் மூன்றில் இரண்டு பங்கை இரண்டே சங்கிலிக் கடைகள் வைத்திருப்பதாக 2025 மார்ச்சில் வெளியான அரசு ஆணையத்தின் விசாரணை அறிக்கையே சொல்கிறது. வாரச் சாமான் வாங்க யாரும் சின்னக் கடைக்கு வருவதில்லை. ஆனால் பூங்காவுக்குப் போகிறவன் அரைக் கிலோ ஐஸுக்காக நகரத்துக்குத் திரும்ப மாட்டான். அந்த ஒரு இடுக்கில்தான் சின்னக் கடை வேர் விட்டிருக்கிறது. பாறை வெடிப்பில் செடி நிற்பதைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு வேறு உவமை தேடத் தோன்றவில்லை.

தகரம் போய் ஆப்பிள் வந்தது

ஆனால் இந்த ஊர் எடுத்த எடுப்பில் பூங்காவை நம்பிப் பிழைத்ததல்ல. 1872-இல் இங்கே ஓடை மணலில் தகரம், அதாவது வெள்ளீயத் தாது கிடைத்தது. ஊரின் பெயரே தகரத்துக்கான லத்தீன் சொல்லான ‘ஸ்டானம்’ என்பதையும், கிராமம் என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லான ‘தோர்ப்’ என்பதையும் ஒட்டி வைத்ததுதான். ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு விற்கக் கடைகள் வந்தன. தாது ஓடையடியில் கிடந்த மட்டும் பணம் புரண்டது. அதைச் சல்லடை போட்டு எடுத்து முடித்ததும் கூட்டம் கலைந்தது. கூட்டத்தை நம்பிக் கடன் கொடுத்த கடைக்காரர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்பதை நம் வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தங்கியவர்கள் மண்ணைப் பார்த்தார்கள். மணல் பாங்கு, சத்தில்லை, தண்ணீர் நிற்காது. ஆனால் கடல்மட்டத்துக்குமேல் 800 மீட்டருக்கும் அதிகமான உயரம். குவீன்ஸ்லாந்திலேயே அதிகக் குளிர் விழும் இடம். சில ஆண்டுகளில் பனி கூடப் பெய்யும். ஆப்பிளுக்குக் குளிர் வேண்டும். திராட்சைக்கு நீர் வடியும் மண் வேண்டும். ஜெரோம் டவாடி என்ற இத்தாலியப் பாதிரியார்தான் இதைக் கண்டு பழமும் திராட்சையும் வைக்கச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர்களில் முக்கியமானவர். பின்னால் இத்தாலியக் குடும்பங்கள் நிறைய வந்து சேர்ந்தன. முதல் உலகப் போர் முடிந்ததும் திரும்பி வந்த போர்வீரர்களுக்கு இங்கே துண்டு துண்டாக நிலம் கொடுத்தார்கள். அந்தக் குடியிருப்புகளுக்கு அவர்கள் போர் செய்த ஐரோப்பிய ஊர்களின் பெயரையே வைத்தார்கள்: அமியான், பொசியேர், பபோம், மெசீன் என்று. துப்பாக்கி பிடித்தவருக்குத் தோட்ட வேலை தெரியவில்லை, நிலமும் போதவில்லை. பலர் விட்டுவிட்டுப் போனார்கள். பெயர்ப்பலகைகள் நிற்கின்றன.

இன்றைக்குக் குவீன்ஸ்லாந்தின் ஆப்பிள் பெரும்பாலும் இந்த வட்டாரத்துச் சரக்குத்தான். ஆலங்கட்டி மழைக்குப் பயந்து தோப்பு முழுவதையும் வலையால் மூடி வைத்திருக்கிறார்கள். மாசி தொடங்கிப் பறிப்பு. பிறகு காற்றின் அளவைக் கட்டுப்படுத்திய குளிர் அறைகளில் மாதக்கணக்கில் இருப்பு வைத்து, விலை பார்த்து விடுகிறார்கள். புரட்டாசியில் நான் தின்ற ஆப்பிள் மொறுமொறு என்று இருந்தது. எப்போது பறித்தது என்று கேட்டால் ஏப்ரல் என்றார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆப்பிள் திராட்சைத் திருவிழா நடக்கிறது, 1966-இல் தொடங்கியது. கிர்ரவீன் பூங்கா ஏற்பட்டதும் அதே ஆண்டுதான்.

சாலையோரத்தில் ஆளில்லாக் கடை ஒன்றைக் கண்டேன். ஒரு தகரக் கொட்டகை, பையில் கட்டிய ஆப்பிள், விலை எழுதிய அட்டை, பணம் போட ஒரு உண்டியல். கல்லாவில் ஆளில்லை. பத்து நிமிடம் காரில் இருந்தபடி கவனித்தேன். மூன்று வண்டி நின்றது. மூன்றும் காசு போட்டது. நம் கடைவீதியில் இதைச் செய்யலாமா என்று மகன் கேட்டான். உண்டியலைத் தரையோடு சிமெண்டு வைத்துப் பூசினால் செய்யலாம் என்றேன்.

பாறையின்மேல் சந்தை

இரண்டாம் நாள் மாநில எல்லையைத் தாண்டி நியூ சௌத் வேல்ஸ் பக்கம் போனோம். அங்கே ‘பால்ட் ராக்’, நம் வாக்கில் மொட்டைப் பாறை என்ற தேசியப் பூங்கா, கிர்ரவீனை ஒட்டியே இருக்கிறது. பாறை ஒரே கல். 750 மீட்டர் நீளம், 500 மீட்டர் அகலம், தரையிலிருந்து 200 மீட்டர் உயரம். மழைநீர் வழிந்து வழிந்து கறுப்பும் சாம்பலுமாகக் கோடுகள் விழுந்திருக்கின்றன. நேராக ஏறும் வழிக்குப் பாறையில் வெள்ளைக் குறி வைத்திருக்கிறார்கள். நான் பின்பக்கமாகச் சுற்றிப் போகும் புங்கூனா நடைபாதையில் இரண்டரைக் கிலோமீட்டர் நிதானமாக நடந்து உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். 1,277 மீட்டர். சுற்றிலும் காடு, நடுவே நடுவே இன்னும் பல மொட்டைத் தலைகள்.

உச்சியில் நின்றபோது எனக்குப் பெரிதாகப்பட்டது காட்சியைவிட, வழியில் தெரிந்துகொண்ட ஒரு செய்தி. வெள்ளைக்காரர் வருமுன் இந்தப் பாறை ஜுகம்பல், பந்ஜலங், கமிலராய் என்ற மூன்று பழங்குடி மக்களின் எல்லைகள் கூடும் இடம். யாருக்கும் சொந்தமில்லாத பொது இடமாக இதை வைத்திருந்தார்களாம். ஒருவர் மற்றவருடைய நிலத்தை மிதிக்காமலே இங்கே வந்து சந்தித்துப் பண்டமாற்றுச் செய்துகொள்ளலாம். ஆக இது ஒரு சந்தை. கூரையில்லை, குத்தகையில்லை, சுங்கமில்லை. நாட்டுக் கோழியும் கருப்பட்டியும் கைமாறும் நம் எல்லையோரச் சந்தைகளில் இளவயதில் சரக்கெடுத்த எனக்கு, அந்த உச்சியில் ஏனோ அந்நியமாகத் தோன்றவில்லை.

பின்னால் வந்தவர்கள் அதே எல்லையில் செய்ததையும் சொல்ல வேண்டும். மொட்டைப் பாறைக்கு மேற்கே வாலங்காரா என்ற எல்லை ஊர். 1888-இல் இரண்டு மாநில ரயில்களும் இங்கே வந்து சந்தித்தன. அப்போது அவை தனித்தனிக் குடியேற்ற நாடுகள். குவீன்ஸ்லாந்துத் தண்டவாளம் மூன்றரை அடி அகலம். நியூ சௌத் வேல்ஸ் தண்டவாளம் நான்கு அடி எட்டரை அங்குலம். வந்த சரக்கு முழுவதையும் ஒரு ரயிலிலிருந்து இறக்கி மறு ரயிலில் ஏற்ற வேண்டும். அதற்குமேல் சுங்கமும் உண்டு. நமக்கும் மீட்டர்கேஜ், பிராட்கேஜ் மாற்றத்தில் மூட்டை உடைந்து எடை குறைந்த அனுபவம் உண்டல்லவா? பக்கத்து டென்டர்ஃபீல்ட் ஊரில் 1889 அக்டோபர் 24-ஆம் தேதி ஹென்றி பார்க்ஸ் என்ற நியூ சௌத் வேல்ஸ் முதல்வர், எல்லாக் குடியேற்ற நாடுகளும் ஒன்றாக வேண்டும் என்று பேசிய பேச்சை அந்த நாட்டின் பிறப்புக்கு வித்து என்கிறார்கள். 1901-இல் ஒரே நாடானதும் உள்நாட்டுச் சுங்கம் ஒழிந்தது. நம்மூரில் 2017 ஜூலையில் மாநில எல்லைச் சோதனைச்சாவடிகளில் லாரி வரிசை ஒழிந்ததை நினைத்துக்கொண்டேன். தண்டவாளம் மட்டும் மாறவில்லை. 1930-இல் வேறு வழியாக அகலப் பாதை பிரிஸ்பேனுக்குப் போய்ச் சேர, வாலங்காராவில் மூட்டை தூக்கியவர்களுக்கு வேலை குறைந்தது. அந்த நிலையக் கட்டடம் இருக்கிறது. அழகாக வைத்திருக்கிறார்கள்.

மாலையில் பூனூ பூனூ அருவியை எட்டி நின்று பார்த்தோம். 210 மீட்டர் இறங்குகிறது. நாங்கள் போன சமயம் தண்ணீர் மெலிந்திருந்தது. சன்டவுன் என்ற மற்றொரு பூங்காவும் உண்டு. அது கருங்கல் அல்ல, வேறு பாறை, கரடுமுரடான பாதை. போகவில்லை.

தண்ணீர் வற்றிய காலம்

கல் பூமியின் பலவீனம் தண்ணீர். மண் ஆழமில்லை, பெய்த மழை ஓடிவிடும். 2019-இல் வறட்சி முற்றி, செப்டம்பரில் காட்டுத்தீ ஸ்டான்தோர்ப் ஊர் ஓரத்துக்கே வந்து வீடுகளைப் பிடித்தது. ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் ஸ்டார்ம் கிங் அணை வற்றிவிட்டது. 2020 ஜனவரி தொடங்கி அறுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள வார்விக் பக்கத்து அணையிலிருந்து லாரியில் தண்ணீர் ஏற்றி வந்துதான் ஊர் குடித்தது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 80 லிட்டர் என்று அளவு. ஆஸ்திரேலியாவில்! தோப்புக்காரர்கள் பூவையும் பிஞ்சையும் உதிர்த்து மரத்தை மட்டும் காப்பாற்றினார்கள் என்று கேள்வி. அடுத்த சில மாதத்தில் கொரோனா வந்து மாநில எல்லையையே அடைத்தார்கள். மூன்று குடிமக்கள் தடையில்லாமல் கூடிய பாறைக்கு இந்தப் பக்கத்து ஆள் போக முடியவில்லை. 2021-இல் மழை பெய்து அணை நிரம்பிய பிறகே லாரி நின்றது.

அந்தக் காலத்தைப் பற்றி ஸ்டான்தோர்ப்பில் ஒரு பேக்கரிக்காரரிடம் கேட்டேன். ஆப்பிளும் இல்லை, தண்ணீரும் இல்லை, எல்லை திறந்திருந்த நாட்களில் பாறை பார்க்க வந்தவர்கள்தான் கடையைத் திறந்து வைத்தார்கள் என்றார். “பாறைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாமே” என்று சிரித்தார். சிரித்தாலும் அந்த இரண்டு வருடக் கணக்கு நோட்டை அவர் மறந்திருக்க மாட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

இங்கே நம் மாவட்டத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நம் மேலூர்ப் பக்கத்துக் கல்லும் வணிகத்தில் கிரானைட் என்றே பெயர் பெற்றது. அதை வெட்டி விற்று ஒரு காலத்தில் கடைவீதியிலும் பணம் புழங்கியது உண்மை. 2012-இல் முறைகேடுகள் வெளிவந்து குவாரிகள் அடைபட்டபோது வசூலாகாத பாக்கி நம்மில் பலருக்கு நின்றதும் உண்மை. மறுபக்கம், அரிட்டாபட்டிக் குன்றுகளை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அதுவே முதல். 2024-இல் அந்தச் சுற்றுவட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் விடப்பட்டபோது மேலூரில் நடந்த கடையடைப்பில் வியாபாரிகள் பங்கெடுத்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. அன்றைக்குக் கடையடைத்தவர்களைச் சிலர் கேலி செய்தார்கள், கல்லுக்கும் கடலை வியாபாரிக்கும் என்ன சம்பந்தம் என்று. ஸ்டான்தோர்ப் பேக்கரிக்காரரை அவர்கள் சந்திக்க வேண்டும். தகரத்தை ஒருமுறைதான் விற்க முடிந்தது. பாறை நின்ற இடத்தில் நிற்க, தொண்ணூறு ஆண்டுக்கு மேலாக அதன் பேரில் ரொட்டி விற்கிறது.

அதற்காக அரிட்டாபட்டியில் உடனே வண்டி வண்டியாய் ஆட்கள் வருவார்கள் என்று நான் சொல்லவில்லை. சாலை, கழிப்பிடம், வழிகாட்டிப் பலகை எல்லாம் வேண்டும். குன்றடியில் கடை போடாமல் ஊருக்குள் போட வேண்டும் என்று நமக்குள்ளேயே ஒரு கட்டுப்பாடு வேண்டும். அதைச் சங்கம்தான் பேச முடியும். அடுத்த பொதுக்குழுவில் இதை வைக்கலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு சிறு செய்தி. கிர்ரவீன், வாலங்காரா சுற்றிய சில கருங்கல் உச்சிகளில் மட்டுமே இயற்கையாக வளரும் வெள்ளை யூகலிப்டஸ் மரம் ஒன்று உண்டு. அதை வாங்கி ஆஸ்திரேலிய நகரத் தெருக்களில் எல்லாம் அழகுக்கு வைத்திருக்கிறார்கள். நாற்றுப் பண்ணைக்காரருக்கு நல்ல வியாபாரம். பிறந்த இடத்தில் அது அருகிவிட்ட மரம்.

போக நினைப்பவர்களுக்கு

பிள்ளைகள் பிரிஸ்பேனிலோ சிட்னியிலோ இருக்கும் உறுப்பினர்கள் சிலர் நம்மில் உண்டு. அவர்களுக்காகச் சில வார்த்தை. பூ பார்க்க வேண்டுமானால் ஆவணி, புரட்டாசி. ஆனி, ஆடியில் இரவில் வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும்; கம்பளி இல்லாமல் போக வேண்டாம். சாப்பாட்டுச் சாமான் முழுவதையும் பூங்காவுக்கு வெளியே வாங்கிக்கொள்ள வேண்டும். ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. மழை பெய்த பாறையில் ஏறவே கூடாது. எண்ணெய் தடவிய தட்டு மாதிரி வழுக்கும். வாம்பட்டைப் பார்க்க ஆசையிருந்தால் இருட்டிய பிறகு வரை காத்திருக்க வேண்டும். நாங்கள் பார்த்தது அதன் வளையை மட்டும்தான்.

எல்லையோரம் போகிறவர்கள் கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை நியூ சௌத் வேல்ஸ் தன் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கிறது, குவீன்ஸ்லாந்து தள்ளுவதில்லை. வாலங்காராவில் சாலையைக் கடந்தால் மணி மாறிவிடும். ஐந்து மணிக்குக் கடை அடைப்போம் என்று சொன்னால், எந்தப் பக்கத்து ஐந்து மணி என்று கேட்டுக்கொண்டு போங்கள்.